துண்டுத்துணி மாஸ்டரின் அலமாரி

பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரப் பெண்கள் கட்டின கணவனிடம்கூடச் சொல்லாத உண்மைகளைக் கண்ணாடி அலமாரியில் வரிசையாக நிற்கவைத்த ஒரே மனிதர் துண்டுத்துணி மாஸ்டர்தான். அவருடைய சொந்தப் பெயரை நாங்கள் யாரும் கேட்டதில்லை.

மாஸ்டர் ரவிக்கை தைப்பவர். தையல்காரர் மிச்சத் துணியை அமுக்கிவிடுவார் என்று பெண்கள் சந்தேகப்படுவது உலக வழக்கம். இவர் ஒளிவுமறைவில்லாமல் அமுக்குவார். அந்தத் துண்டைச் சேலையாகக் கட்டி, துணி கொடுத்தவரையே பொம்மையாகச் செய்து வைப்பார். சாத்தே இறைச்சி குத்திச் சுடும் குச்சியில் எலும்பு, பஞ்சு சதை, கறுப்பு நூல் கொண்டை, அறுந்த ஸிப்பில் ஒரு கைப்பை. முகம் மட்டும் இருக்காது. தேவையும் இல்லை. அளவு நோட்டைப் பார்த்து ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்று செய்வதால், முதுகைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம்.

கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்து தைத்துக்கொள்ளும் ஓர் ஆன்டி, ஒருநாள் அலமாரியில் தன்னைத்தானே சந்தித்தார்.

"மாஸ்டர், இது நானா? இவ்ளோ குண்டாவா இருக்கேன்?"

"அளவு நான் போட்டது இல்ல ஆன்டி. நீங்க கொடுத்தது."

"கொஞ்சம் குறைச்சு செஞ்சிருக்கலாம்லா!"

"அப்ப ரவிக்கையையும் குறைச்சிடவா?"

ஆன்டி மூன்று மாதம் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. பிறகு இளைத்துப்போய் வந்து, "மொதல்ல அவளுக்கு அளவு எடுங்க" என்று அலமாரியைக் காட்டினார். மாஸ்டர் டேப்பை ஆன்டியிடம் வைத்து அளந்துவிட்டு, பொம்மையிலிருந்து ஒரு சிட்டிகை பஞ்சை எடுத்தார். ஆன்டிக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

என் கல்யாண ரவிக்கையும் அவர்தான் தைத்தார். முகூர்த்தச் சேலையோடு வந்த அரக்கு நிறத் துணி. தைத்த கையோடு, மிஞ்சிய துண்டைக் கட்டிக்கொண்டு நானும் அலமாரியில் ஏறிவிட்டேன்.

கல்யாணத்துக்கு முதல்நாள், பூச்சோங்கிலிருந்து வந்த சித்தி உதவி செய்கிறேன் என்று ரவிக்கையை அயர்ன் செய்தார். ரவிக்கையின் வலது கையில் இஸ்திரிப்பெட்டி பெரிய முத்திரையைப் பதித்துவிட்டது. அந்த நிறத்துக்கு மஸ்ஜிட் இந்தியா கடைத்தெரு முழுக்க அலைந்தாலும் ஜோடி கிடைக்காது. அழுதுகொண்டே மாஸ்டரிடம் ஓடினேன்.

அவர் கருகிய கையைப் பார்த்தார். நான் அலமாரியைப் பார்த்தேன். உடனே குறுக்கே வந்து நின்றுகொண்டார்.

"அவள தொடாத."

"மாஸ்டர், நாளைக்கு காலையில கல்யாணம்!"

"ஒரு பொம்பள மானத்துக்காக இன்னொரு பொம்பள சேலைய உருவச் சொல்றியா?"

"ரெண்டும் நான்தான் மாஸ்டர்!"

மாஸ்டர் அலமாரியைத் திறந்து பொம்மையை எடுத்தார். பிறகு கத்தரிக்கோலை எடுத்து, "கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நில்லும்மா" என்றார். திரும்பி நின்றேன். அந்தப் பதினெட்டு அங்குலச் சேலையை நீளவாக்கில் இரண்டாக்கி, கருகலை மறைத்து இரண்டு கைக்கும் பட்டை வைத்துக் கொடுத்தார்.

மறுநாள் மண்டபத்தில், "இது எந்த பூட்டிக்லா?" என்று கேட்காத பெண் இல்லை. சித்தியோ, "ஐடியா என்னோடது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் நன்றி சொல்லப் போனேன். அலமாரியில் என் இடம் காலி. டிஷ்யூ தாளைப் போர்த்தி, இழுப்பறைக்குள் என்னைக் குப்புறப் படுக்க வைத்திருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. வீட்டுக்குப் போய் முகூர்த்தச் சேலையின் உள்முனையில் ஒரு சாண் வெட்டிக் கொண்டுவந்து நீட்டினேன்.

மாஸ்டர் கையை நீட்டவே இல்லை.

"நான் மிச்சத்த மட்டும்தான் தொடுவேன். இது வெட்டினது. எடுத்துட்டு போம்மா."

"சேலை நீளம் அதிகம் மாஸ்டர். குறைச்சேன். மிஞ்சினதுதான் இது" என்று கூசாமல் பொய் சொன்னேன்.

அவர் துணியின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். "கோணலா வெட்டியிருக்க" என்றார். பிறகு இழுப்பறையைத் திறந்தார்.

முகூர்த்தச் சேலையில் கத்தரி வைத்ததற்கு அம்மா இன்றும் திட்டுகிறார். திட்டட்டும். அந்த மனிதருக்காக இன்னொரு சேலையை வெட்டச் சொன்னாலும் வெட்டுவேன்.