ஒப்சவேசனில் வைத்த பொன்வண்டுகள்

எனக்கு நன்றாக இங்கிலீஷ் தெரியும் என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. அந்த நம்பிக்கையினால் எத்தனை உயிர்கள் போயின என்பதும் எனக்குச் சரியாகத் தெரியும். ஏனென்றால், நான் பக்கத்தில் நிற்க, அவற்றை ஒவ்வொன்றாக மேசையில் வைத்து எண்ணினார்கள்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் வேலை. வருகிற கப்பல்களுக்குத் தண்ணீர், மரக்கறி, டீசல் ஒழுங்கு செய்து கடிதம் அடிக்க வேண்டும். எல்லாக் கடிதங்களும் ஒரே மாதிரி ஆரம்பித்து ஒரே மாதிரி முடியும். நடுவில் கப்பலின் பெயரை மட்டும் மாற்றினால் போதும். (ஒருமுறை அதையும் மாற்ற மறந்துபோய், முந்தின வாரமே போய்விட்ட கப்பலுக்கு இரண்டு மூட்டை வெங்காயம் அனுப்பினோம்.) ஒருநாள் ஒரு கப்டன், "உங்களுடைய இங்கிலீஷ் நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நான் அம்மாவிடம் சீனி கேட்பதுகூட இங்கிலீஷில்தான். அந்தக் கப்டனுக்கும் இங்கிலீஷ் அரைகுறைதான் என்பது பல வருடங்களுக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது.

அந்த வருடம் ஒக்டோபர் விடுமுறைக்கு நோர்வேயிலிருந்து அக்கா வந்தாள். கூடவே அங்கே அவளுக்குப் பக்கத்து வீட்டில் இருக்கிற மனுசியையும் கூட்டிக்கொண்டு வந்தாள். பெயர் இங்கெர். அறுபத்து மூன்று வயது. ஆயுள் முழுக்க பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பஸ் ஓட்டாத நேரமெல்லாம் பூச்சி பார்த்தவர். பட்டம், பதவி ஒன்றும் இல்லை. சும்மா ஆசை. அவருடைய ஊரில் அப்படி ஆசைப்பட்டவர்கள் சேர்ந்து ஒரு சங்கமே வைத்திருக்கிறார்களாம். அங்கே ஓர் அரிய வண்டினம் சில பழைய மரங்களின் பொந்துகளில் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறதாம். கோடையில் இவர்கள் போய், பொந்துக்குள் மெதுவாகக் கையை விட்டு, இருப்பதை எண்ணி, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்து, கொப்பியில் எழுதிக்கொண்டு வருவார்களாம்.

"எண்ணிப்போட்டு?" என்று கேட்டாள் அம்மா.

"எழுதிப்போட்டு வீட்டை வருவினம்" என்றாள் அக்கா.

"பாவம்" என்றாள் அம்மா. யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை.

வந்த மறுநாளே இங்கெர் எங்கள் கிணற்றடியில் குப்புறப் படுத்துக்கிடந்தார். அம்மா குசினி யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு, "மனுசி என்னத்தையோ துலைச்சிட்டா. போய்த் தேடிக் குடுங்கோவன்" என்று பதறினாள். இங்கெர் ஒன்றையும் தொலைக்கவில்லை. எறும்பு பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலாம் நாள் இறக்கக்கண்டிக் கடற்கரைக்குப் போனோம். அங்கே ஒரு சிறிய பள்ளிக்கூடம். அதற்குப் பின்னால் இலந்தை மரங்கள் அடர்ந்த ஒரு பற்றை. முதல் மழை பெய்து முடிந்திருந்தது. மரம் முழுக்கப் பொன்வண்டு. பச்சையும் பொன்னுமாய் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன. எங்களுக்கு அது புதினமில்லை. சின்ன வயதில் நெருப்புப்பெட்டிக்குள் வைத்து விளையாடாத ஆளும் உண்டா? ஆனால் இங்கெர் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நான் இதைக் கண்ணாடிப் பெட்டிக்குள், ஊசி குத்தித்தான் பார்த்திருக்கிறேன்" என்றார்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த நசீமா ஆசிரியையாக இருந்தாள். விசயத்தைக் கேட்டதும், "புள்ளைகளுக்கு இவங்களக் கொண்டு கொஞ்சம் பேச வைப்பமே" என்றாள். செவ்வாய்க்கிழமை என்று முடிவானது. செவ்வாய்க்கிழமை அக்காவுக்குப் பல்வலி. "நீ இருக்கிறாய்தானே, நீ மொழிபெயர்" என்று சொல்லிவிட்டுப் பல் டொக்டரிடம் போய்விட்டாள்.

நான் இருந்தேன். கஞ்சி போட்ட பருத்திச் சேலையோடும், தலையில் ஏற்றிவிட்ட கறுப்புக் கண்ணாடியோடும் இருந்தேன்.

ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் மரநிழலில் இருந்தார்கள். இங்கெர் தன்னுடைய ஊர், பனி, வண்டு, பொந்து எல்லாம் இங்கிலீஷில் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். அதுவரைக்கும் பிழையில்லை. பிறகு அவர் பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்தார். பித்தளைப் பிடி போட்ட, அழகான சாமான். பிள்ளைகள் எழும்பியே விட்டார்கள். அந்தச் சத்தத்துக்குள் இங்கெர் ஒரு நீளமான வசனம் சொன்னார். அதில் எனக்கு விளங்கியவை மூன்றே மூன்று: வண்டு, 'கலெக்ட்', 'ஒப்சவேசன்'.

'கலெக்ட்' எனக்குத் தண்ணி பட்ட பாடு. கந்தோரில் தினமும் சரக்குக் 'கலெக்ட்' பண்ணுகிறோம். 'ஒப்சவேசன்' அதைவிட நன்றாகத் தெரியும். அப்பாவுக்கு நெஞ்சு நோவு வந்தபோது ஆஸ்பத்திரியில் ஒருநாள் முழுக்க 'ஒப்சவேசனில்' வைத்திருந்தார்கள். (பிறகு வாய்வு என்று அனுப்பிவிட்டார்கள்.) ஆக, வண்டுகளைச் சேகரித்து வந்து ஒப்சவேசனில் வைக்க வேண்டும். வேறென்ன?

"திருப்பி ஒருக்காச் சொல்லுங்கோ" என்று கேட்டிருக்கலாம். முப்பது பிள்ளைகளும் நசீமாவும் பார்த்துக்கொண்டிருக்க, கப்டன் மெச்சிய நான் அப்படிக் கேட்பதா? நிமிர்ந்து நின்று சொன்னேன்: "எல்லாரும் பொன்வண்டு பிடிச்சுக்கொண்டு வாங்கோ. ஆர் கனக்கக் கொண்டு வாறீங்களோ, அவைக்குத்தான் இந்தக் கண்ணாடி."

ஒரு சின்னப் பெண் கையை உயர்த்தினாள். ரிஹானா என்று பெயர். ஆறாம் வகுப்பு.

"மிஸ், உசிரோடயா?"

அதையாவது இங்கெரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "உயிரோட எண்டால் நல்லம்" என்று நானே தீர்ப்புச் சொன்னேன். பின்னால் நின்ற இங்கெர் சந்தோசமாகத் தலையாட்டினார்.

அவர் உண்மையில் சொன்னது இதுதான்: கண்டதை மட்டும் சேருங்கள், எந்த மரம், எத்தனை வண்டு என்று எழுதுங்கள், வண்டைத் தொடவே வேண்டாம், யார் கவனமாக எழுதுகிறாரோ அவருக்கு இந்தக் கண்ணாடி.

வியாழக்கிழமை திரும்பப் போனோம். இந்த முறை அக்காவும் வந்தாள். ஓட்டோக்காரருக்குக் காசு கொடுத்துவிட்டு வருகிறேன் என்று அவள் படலையடியில் நிற்க, நாங்கள் இருவரும் வகுப்புக்குள் போனோம்.

மேசை நிறையப் போத்தல். சோடாப் போத்தல், ஜாம் போத்தல், நெருப்புப்பெட்டி, கொம்பாஸ் பெட்டி. எல்லாம் மீன்பிடிக்கிறவர்களின் பிள்ளைகள். வாப்பாமாரின் பழைய வலைத்துண்டுகளைக் கொண்டுபோய் இரண்டு நாளாக இலந்தைப் பற்றையை வடித்து எடுத்திருக்கிறார்கள். மூடி இறுக்கிய போத்தல்களுக்குள் வெயில் சூட்டில் வண்டுகள் மல்லாந்து கிடந்தன. சிலவற்றின் கழுத்தில் தையல் நூல். ஒருவன் கடைப் பை நிறையக் கொண்டுவந்து, "நாந்தான் கூட" என்று பையைக் குலுக்கிக் காட்டினான். எல்லா முகத்திலும் பெருநாள் சிரிப்பு.

இங்கெர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குப் பரவாயில்லை. ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு மூடியாகத் திறந்தார். அசைபவை ஒரு பக்கம், அசையாதவை மறு பக்கம். எண்ணத் தொடங்கினார். நடுவில் நிமிர்ந்து என்னைக் கேட்டார்: "தொட வேண்டாம் என்றல்லவா நான் சொன்னேன்?"

அந்தக் கணமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உண்மையைச் சொல்ல ஒரு வசனம் போதும். அந்த வசனத்துக்கு வேண்டிய இங்கிலீஷ் என்னிடம் தாராளமாக இருந்தது. நான் சொன்னது வேறு:

"பிள்ளைகள்தானே. சொன்னால் கேட்க மாட்டார்கள்."

ஏதோ பிழை என்று நசீமாவுக்கு விளங்க என் குரலும் இங்கெரின் முகமும் போதுமாக இருந்தன. "என்னவாம் சொல்றாங்க?" என்றாள்.

"வண்டுகள் செத்துப்போச்செண்டு கவலைப்படுறா."

நசீமா பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "யாரு இப்படிச் சாகடிக்கச் சொன்ன? விருந்தாளிக்கு முன்னால மானத்த வாங்குறீங்களா?"

சிரிப்பெல்லாம் ஒரே நேரத்தில் அணைந்தது. பின்வரிசையிலிருந்து ரிஹானா எழும்பினாள். கையில் சாப்பாட்டுப் பெட்டி. "டீச்சர், மிஸ்தானே புடிச்சிட்டு வரச் சொன்னாங்க" என்று என்னை நேராகப் பார்த்தாள்.

"அவள் என்ன சொல்கிறாள்?" என்றார் இங்கெர்.

நான் சொன்னேன்: "மன்னிப்புக் கேட்கிறாள்."

இங்கெர் எழும்பிப் போய் அந்தப் பிள்ளையின் தலையைத் தடவினார். "உன்னை மன்னித்துவிட்டேன்" என்றார். ரிஹானா ஒன்றும் விளங்காமல் அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "என்ன சொல்றாங்க மிஸ்?" என்று கேட்டாள். அப்போதும் என்னிடம்தான் கேட்டாள். நான்தானே மொழிபெயர்ப்பாளர்.

நான் வாயைத் திறக்குமுன் வாசலிலிருந்து ஒரு குரல். "ஏன்டி அந்தப் பிள்ளையில பழியைப் போடுறாய்?"

அக்கா. எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. ஒரு பக்கக் கன்னம் இன்னும் வீங்கித்தான் இருந்தது. அந்த வீக்கத்தோடேயே இங்கெரிடம் நோர்வே மொழியில் முழுவதையும் சொன்னாள். எனக்கு அந்த மொழியில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனாலும் அன்று ஒரு சொல் விடாமல் விளங்கியது.

இங்கெர் என் பக்கம் திரும்பினார். "இப்போது நீங்கள் அவர்களுக்குச் சொல்லுங்கள்" என்றார். "அக்கா எனக்கு மொழிபெயர்ப்பார்."

முப்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்றேன். "அவ பிடிக்கச் சொல்லேல்ல. எனக்கு விளங்கேல்ல. விளங்காததை நான் கேக்கவுமில்ல." அக்கா கையை உயர்த்தி என்னை நிறுத்தி, அதை நோர்வே மொழியில் சொன்னாள். "ம், அடுத்தது." "இப்பவும் பொய் சொன்னனான். ரிஹானா மன்னிப்புக் கேக்கேல்ல." "சத்தமாச் சொல்லு, கடைசி வாங்கில இருக்கிற பிள்ளையளுக்குக் கேக்கேல்ல." திரும்பச் சொன்னேன். கடைப் பை கொண்டுவந்த பையன், "அப்ப கண்ணாடி இல்லையா?" என்றான். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

பிறகு எல்லோருமாகப் பற்றைக்குப் போனோம். நானும் கஞ்சிச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முள்ளுக்குள் கையை விட்டு, உயிரோடிருந்தவற்றை ஒவ்வொன்றாக இலையில் ஏற்றினேன். தொண்ணூற்று நான்கு. செத்தவை நூற்றுப் பன்னிரண்டு. இங்கெர் கொப்பியில் இடம், திகதி, தொகை எல்லாம் எழுதினார். இறந்த காரணம் என்று இங்கிலீஷில் ஒரு கட்டம் இருந்தது. நான் எட்டிப் பார்த்தேன். 'மொழிபெயர்ப்பாளர்' என்று எழுதியிருந்தார்.

ரிஹானாவின் சாப்பாட்டுப் பெட்டிக்குள் ஆறு வண்டுகள்தான். ஆறும் உயிரோடு. கூடவே ஒரு கடதாசி: எந்த மரத்தில் எத்தனை கண்டாள், எத்தனையை எடுத்தாள், எத்தனையை விட்டுவிட்டு வந்தாள். யாரும் சொல்லாமல் அவளாகவே எழுதியது. பூதக்கண்ணாடி அவளுக்குப் போனது. அவளிடம் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மிஸ்" என்றாள். எதுவும் ஆகாதது போல அவள் அதைச் சொன்னவிதம்தான் எனக்கு ஆறவில்லை.

அடுத்த வருடம் மழை பெய்ததும் நசீமாவின் வகுப்பு எண்ணியது, தொடாமல். முப்பது வண்டுகூடத் தேறவில்லை. அந்தத் தொகையை ரிஹானாவே இங்கிலீஷில் எழுதி நோர்வேக்கு அனுப்பினாள். இலக்கணம் கொஞ்சம் அங்கே இங்கே. ஆனால் விளங்கியது. இப்போது ஒவ்வொரு மழைக்கும் கடிதம் போகிறது. தொகை மெல்ல மெல்லக் கூடுகிறது என்று அக்கா சொல்லும்போதெல்லாம் நான் குசினிக்குள் ஏதாவது வேலை தேடிக்கொண்டு போய்விடுவேன்.

மூன்று வருடம் கழித்து எனக்குக் கலியாண எழுத்து நடந்தது. பதிவாளர் மூக்குக்குள்ளாலேயே ஏதோ வாசித்து முடித்துவிட்டு, "பிள்ளை, சொன்னது விளங்கினதா? சம்மதமா?" என்று கேட்டார். பின்னாலிருந்து அக்கா, "ஐயா, அவவுக்கு ரெண்டு தரம் சொல்லுங்கோ. விளங்காட்டியும் ஓம் எண்டுவா, பிறகு சனம் சாகும்" என்றாள். மண்டபம் முழுக்கச் சிரிப்பு. மாப்பிள்ளை வீட்டுக்காரருக்கு அங்கேயே முழுக்கதையும் சொல்லப்பட்டது. இன்றைக்கு என் மாமியார் அதை என்னைவிட நன்றாகச் சொல்லுவார்.

ஆனால் அன்று சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, பதிவாளரிடம் நான் மெதுவாகச் சொன்னேன்: "ஐயா, உண்மையாகவே விளங்கேல்ல. திருப்பி ஒருக்கா வாசியுங்கோ."

அவர் வாசித்தார். முழுவதையும், முதலிலிருந்து. எனக்குப் பக்கத்தில் மாப்பிள்ளைக்கு வியர்த்துக்கொட்டியது.