ஊக்கு வைத்தியர்

ஊக்கு வைத்தியர்கள் என்று ஓர் இனம் உண்டு. இவர்கள் ஊசி போடுவதில்லை, மருந்துச் சீட்டு எழுதுவதில்லை. யார் வீட்டிலாவது நெட் படுத்துவிட்டது என்று காதில் விழுந்தால் போதும், சாப்பிட்ட கையைக்கூடச் சரியாகத் துடைக்காமல் கிளம்பி வந்து, அந்த வீட்டு அம்மாளின் வளையலில் தொங்கும் ஊக்கை வாங்கி, ரூட்டர் பெட்டியின் முதுகில் இருக்கிற பொடித் துளைக்குள் விட்டு, கண்ணை மூடி அழுத்துவார்கள். விளக்கெல்லாம் அணையும். பிறகு ஒவ்வொன்றாக எரியும். "அவ்ளோதான்" என்பார்கள். அவ்வளவேதான். பெட்டிக்குள் அதுவரை இருந்த பெயர், பாஸ்வேர்டு, பார்த்துப் பார்த்துச் செய்த மாற்றங்கள் எல்லாமே அவ்வளவேதான்.

இந்த இனத்தில் கலப்பில்லாத ஒருவரைப் பார்க்க வேண்டுமானால் நீங்கள் மரக்காணத்துக்கு வர வேண்டும். பெயர் புருஷோத்தமன். உப்பு பாக்கெட் போடுகிற கொட்டகையில் சூப்பர்வைசர். அங்கே எடைமெஷின் நின்றாலும் சரி, ஒட்டும் மெஷின் சூடாகாவிட்டாலும் சரி, அவர் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: "ஆஃப் பண்ணி ஆன் பண்ணு." பெட்டி என்றால் முதலில் அதன் நெற்றியில் புறங்கையை வைத்துக் காய்ச்சல் பார்ப்பார். பச்சை விளக்கைப் பார்த்துத் தலையாட்டுவார், சிவப்பு விளக்கைப் பார்த்து உச்சுக் கொட்டுவார். கடைசியில் தீர்ப்பு வரும்: "எல்லாம் உப்புக் காத்துங்க. உள்ள போர்டு பூத்துப் போயிருக்குது." மறுக்க முடியுமா? இந்த ஊரில் கதவுக் கீல் முதல் சைக்கிள் மணி வரை எதுதான் பூக்கவில்லை?

அவர் மனைவி அம்சவல்லி இதையெல்லாம் பார்த்துவிட்டு வீட்டிலிருந்த ஊக்குகளை எல்லாம் ஒளித்து வைத்துவிட்டாள். அதனால் என்ன? புருஷோத்தமனுடைய சட்டைக் காலருக்கு அடியில் எப்போதும் ஒன்று குத்தியிருக்கும்.

பக்கத்து வீட்டு மேரிசெல்வி நர்ஸ். பாண்டிச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, பக்கத்து சீட்டுக்காரர்கள் மிரளும்படி முணுமுணுத்து முணுமுணுத்து ஜெர்மன் படித்தவள். ஜெர்மனியில் நர்ஸ் வேலை. வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குச் செல்போனில் வீடியோ இன்டர்வியூ. தவறவிட்டால் அடுத்த வருஷம்தான். வீட்டுக்குள் செல்போன் சிக்னல் ஒரு கோடுதான் வரும், அதுவும் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினால். ஆகவே எல்லாம் வைஃபையை நம்பித்தான்.

வைஃபையோ நின்று நின்று வந்தது. கேபிள்காரன் மாட்டிய மோடம் ஒன்று. பின்னறை வரைக்கும் எட்டட்டும் என்று அவள் தம்பி ஆரோக்கியராஜ் வாங்கி மாட்டிய ரூட்டர் ஒன்று. இரண்டையும் சேர்த்த நாள் முதல் தகராறு. வியாழக்கிழமை கேபிள் ஆபீசுக்குப் போன் போட்டாள். அங்கே அஸ்வினி என்கிற பெண் பொறுமையாகச் சொன்னாள்: "ரெண்டு பாக்ஸுக்கும் ஒரே ஐபி அட்ரஸ் மேடம். கடைசியில ரெண்டுமே ஒண்ணு புள்ளி ஒண்ணுன்னு முடியுது. அதான் முட்டிக்குது. ரூட்டர்ல மட்டும் ரெண்டு புள்ளி ஒண்ணுன்னு மாத்திடுங்க." அவள் சொல்லச் சொல்ல மேரிசெல்வி செல்போனில் மாற்றினாள். சண்டை நின்றது. டிரிப் பாட்டிலில் ஒட்டுகிற வழக்கத்தில், வெள்ளை பிளாஸ்திரியில் '2.1' என்று எழுதி ரூட்டர் மேல் ஒட்டினாள்.

கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் யோசித்துப் பாருங்கள், சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மனுஷன் இருக்கிறாரே. தன்னை ஒரு வார்த்தை கூப்பிடாமலேயே தெருவில் ஒரு நெட் சரியாகிவிட்டது என்றால் அவருக்கு எப்படி இருக்கும்? வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு வந்த புருஷோத்தமனுக்குச் சோறு இறங்கவில்லை. ஒன்றரை மணிக்கு மேரிசெல்வி வீட்டு வாசலில் நின்றார்.

"என்னாம்மா மேரி, நெட்டு மக்கர் பண்ணுதாமே?"

"சரியாயிடுச்சுண்ணா. ரெண்டு பெட்டிக்கும் ஒரே அட்ரஸ் இருந்துச்சாம். ஒண்ண மாத்திட்டேன்."

"யாரு சொன்னா?"

"ஆபீஸ்ல ஒரு பொண்ணு."

"பொண்ணா" என்றார் புருஷோத்தமன், உப்பில்லாத குழம்பை வாயில் வைத்தவர் மாதிரி.

"நான் டிரஸ் மாத்திட்டு வந்துடறேண்ணா. எதையும் தொட்டுடாதீங்க."

"நான் எதுக்கும்மா தொடப் போறேன்? சும்மா பாக்கறேன்."

சும்மா பார்க்கிறேன்! ஊக்கு வைத்தியர் வாயில் இந்தச் சொல் வந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். பாவம், மேரிசெல்வி உள்ளே போய்விட்டாள்.

புருஷோத்தமன் குனிந்தார். மோடத்தின் அடியில் 1.1. ரூட்டரின் மேலே பிளாஸ்திரியில் 2.1. அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரே வீடு. ஒரே மேசை. அட்ரஸ் மட்டும் வேறு வேறா? ரேஷன் கார்டில் ஒரு அட்ரஸ், ஆதாரில் ஒரு அட்ரஸ் என்று போன மாதம் தாலுகா ஆபீசில் தன்னை எத்தனை தடவை நடக்கவிட்டார்கள் என்பது நினைவுக்கு வந்தது. இந்த நிலையில் ஜெர்மனிக்காரன் கூப்பிட்டால் எந்த அட்ரஸுக்கு வருவான்? பாதி வழியில் திரும்பிவிட மாட்டானா? நல்ல பெண்ணின் வாழ்க்கையை யாரோ ஒரு பொண்ணு இப்படிக் கெடுத்து வைத்திருக்கிறாளே!

கை தானாகக் காலருக்குப் போனது.

விளக்குகள் அணைந்தன. ஒவ்வொன்றாக எரிந்தன. பிளாஸ்திரியையும் உரித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சுத்தமாக இருந்தது.

மேரிசெல்வி தலைவாரி, துப்பட்டாவைப் பின் குத்தி வந்து போனைப் பார்த்தாள். "அண்ணா, வைஃபையே காட்ட மாட்டேங்குது!"

"இப்பத்தாம்மா கரெக்டா இருக்குது. ரெண்டுத்தையும் ஒரே அட்ரஸ்ல போட்டுட்டேன்."

"ஐயோ!"

"பதறாத. இன்னொரு வாட்டி அழுத்தறேன்."

"கையை எடுங்க!"

கடிகாரத்தைப் பார்த்தாள். அஸ்வினிக்குப் போன் போட்டால் பிஸி. கண்ணில் நீர் முட்டியது. துடைத்தால் மை கலையும் என்று துடைக்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு கொல்லைக் கதவைத் திறந்து உப்பளத்துப் பக்கம் ஓடினாள். வரப்பில் ஏறினால் சிக்னல் நாலு கோடு. அந்த ஓட்டத்தைப் பார்த்தபோதுதான் புருஷோத்தமனுக்குத் தான் செய்தது உறைத்தது. மூலையில் இருந்த குடையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

வரப்பில் காற்று பிய்த்துக்கொண்டு போனது. ஆளுயர உப்புக் குவியல் ஒன்றின் மறைவில் உட்கார்ந்தாள். காற்று அடங்கியது. வெயில்தான் மண்டையைப் பிளந்தது.

"அண்ணா, குடையைப் பிடிங்க. நீங்க தெரியக் கூடாது. பேசக் கூடாது. முக்கியமா எதையும் அழுத்தக் கூடாது."

புருஷோத்தமன் சிலையானார். மூக்கில் ஈ உட்கார்ந்தது, விட்டுவிட்டார். தெரியாத பாஷையில் அவள் தடுமாறாமல் பதில் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு பதிலுக்கும் தலையாட்டப் பார்த்துக் கழுத்தை அடக்கிக்கொண்டார். ஒரு கட்டத்தில் போனுக்குள் இருந்த அம்மாள் கண்ணை விரித்து ஏதோ கேட்டாள், மேரிசெல்வி பதில் சொன்னாள், இரண்டு பேரும் சிரித்தார்கள்.

முடிந்ததும் கேட்டார்: "என்னாம்மா கேட்டுச்சு அந்தம்மா?"

"பின்னாடி என்ன, உங்க ஊர்லயும் ஸ்னோவான்னு கேட்டாங்க. உப்புன்னு சொன்னேன். அடுத்த ரவுண்டும் இங்கேர்ந்தே பேசுன்னாங்க."

"அப்போ அடுத்த ரவுண்டு இருக்குதா?"

"இருக்குதுண்ணா" என்றாள். அப்போதுதான் கண்ணைத் துடைத்தாள்.

வீட்டுக்குத் திரும்பியபோது அம்சவல்லி இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள். எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"ஒரே வீட்லதான் இருக்கோம். அதுக்காக உங்களுக்கும் எனக்கும் ஒரே போன் நம்பர் இருந்தா, கூப்பிடறவன் யாருகிட்ட பேசுவான்?"

புருஷோத்தமன் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். அபூர்வமான காட்சி அது.

"அதத்தான் நானும் டெஸ்ட் பண்ணேன்" என்றார்.

அன்று சாயங்காலம் மேரிசெல்வி மறுபடி 2.1 போட்டாள். புதுப் பிளாஸ்திரியும் ஒட்டினாள். இந்தத் தடவை பெட்டியின் மேலே இல்லை, முதுகுத் துளையின் மேலே, புண்ணுக்குப் போடுகிற மாதிரி இரண்டு சுற்று.

மறுநாள் கொட்டகையில் புருஷோத்தமன் சொல்லிக்கொண்டிருந்தார்: "வீட்டுக்குள்ள உக்காந்து பேசியிருந்தா பின்னால பச்சைச் சுவரு, அதுல பழைய காலண்டரு. எவன் மதிப்பான்? அதான் நெட்ட கட் பண்ணி அந்தப் பொண்ண உப்பளத்துக்கு அனுப்பினேன்."

சிரிக்கிறீர்கள். நான் ஊக்கே தொட்டதில்லை என்கிறீர்கள். இருக்கலாம். போன வாரம் மிக்ஸி ஓடாதபோது, ஓட வைக்கத் தெரிந்தவர் கையிலிருந்து அதை வாங்கி, "தள்ளு, சும்மா பாக்கறேன்" என்று சொன்னது யார்? அந்த மிக்ஸி இப்போது எங்கே இருக்கிறது?

எதற்கும் ஒரு தடவை காலருக்கு அடியில் தடவிப் பாருங்கள். மெதுவாக. குத்தும்.