சனிக்கிழமை அண்ணையின் சப்பாத்து

லண்டனில் யூதர்களின் நவீன வரலாற்றைப் படிக்கப் போய், பேராசிரியர்களைவிடக் கூட இருந்தவர்களை அதிகம் வாட்டி எடுத்த ஒரே யாழ்ப்பாணத்தான் எங்கள் சனிக்கிழமை அண்ணைதான்.

ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு வீட்டின் மேல்மாடியில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, பாரிஸில் கோப்பை கழுவி, ஜெர்மனியில் கல் சுமந்து, லண்டனிலும் கட்டட வேலைக்கே வந்து சேர்ந்தவன். ராஜன் பீட்சா கொண்டுபோய்க் கொடுப்பவன். குகனுக்குப் பெற்றோல் செட்டில் ஷிப்ட். ஹீட்டர் வேலை செய்யாத அறை அண்ணையுடையது. ஐம்பதைத் தாண்டியவர். பகலில் தமிழ்க் கடையில் மரக்கறி அடுக்குவார்; மாலையில் பல்கலைக்கழகம். ஒரு சப்பாத்துக்குக் கறுப்பு நாடா, மற்றதற்கு மஞ்சள் நாடா. கேட்டால், “அறுந்தது ஒண்டுதானே?” என்பார்.

“அண்ணை, உதைப் படிச்சு என்ன வேலை எடுக்கப்போறியள்?” என்று ராஜன் ஒருநாள் கேட்டான்.

“ஊரை விட்டுட்டு வந்தும் ஊரைக் கையோட வைச்சிருக்க அந்தச் சனத்துக்குத் தெரிஞ்சிருக்கு. அதைத்தான் படிக்கிறன்.”

“அப்பிடியே பாத்ரூமை அஞ்சு நிமிசத்தில விடுறது எப்பிடியெண்டும் படியுங்கோ.”

படிப்பு புத்தகத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. “வெளியில நிண்டு பாத்தா விளங்காது” என்று, வெள்ளி மாலையிலிருந்து சனி மாலை வரை அவர்களைப் போலவே ஓய்வுநாள் பிடிக்கத் தொடங்கினார். சுவிட்சைத் தொடமாட்டார். அடுப்பைப் பற்றவைக்கமாட்டார். ‘லைற்றைப் போடு’ என்று மற்றவனிடம் கேட்கவும் கூடாதாம், சாடையாகச் சொல்லலாமாம்.

“தம்பி, இருட்டாக் கிடக்கு.”

“ஓம் அண்ணை, கிடக்கு” என்று ராஜன் போர்வையை இழுத்து மூடுவான்.

கொஞ்ச நேரம் போகும். “எனக்குத் தேத்தண்ணி எண்டால் நல்ல விருப்பம்.”

“அது எங்களுக்கும் தெரியும் அண்ணை.”

அப்படி வந்த பெயர்தான் சனிக்கிழமை.

அவருடைய வகுப்புக்குச் சாம் என்று ஒரு யூதக் கிழவர் வருவார். சாமின் மனைவிக்குத் திவசம் வந்தது. அன்றைக்கு ஆலயத்தில் நின்று அவளுக்காக ஒரு பிரார்த்தனை சொல்ல வேண்டும். சொல்வதென்றால் பத்து யூத ஆண்கள் கூடியிருக்க வேண்டும். கிழக்கு லண்டனில் அந்தச் சின்ன ஆலயத்தைச் சுற்றியிருந்த குடும்பங்கள் எப்போதோ வடக்கே போய்விட்டன. சாம் யார் யாரையோ கூப்பிட்டும், தன்னோடு சேர்த்து ஒன்பது பேர்தான் தேறினார்கள். பொழுது சாய்ந்தால் அவர்கள் கணக்கில் அந்த நாளே முடிந்துவிடும்.

அங்கேயிருந்து அண்ணை எங்களுக்குப் போன் எடுத்தார். “எல்லாரும் வெளிக்கிட்டு வாங்கோ. தலையில என்னத்தையாவது போட்டுக்கொண்டு வாங்கோ.”

ராஜன் பீட்சாக் கடைத் தொப்பியோடு, குகன் கம்பளிக் குல்லாவோடு, நான் கட்டட வேலைத் தொப்பியோடு போய் இறங்கினோம்.

“அண்ணை, நாங்கள் என்ன யூதரோ? எங்களை எண்ணுவினமோ?” என்றான் குகன்.

“எண்ணமாட்டினம். அது எனக்குத் தெரியாதே? ஆனா வெறிச்சோடின வீட்டுக்கு ஆர் வருவினம்? சனம் நிண்டால்தான் சனம் வரும். வந்து இருங்கோ.”

கும்பிடுகிற இடம் என்றதும் எங்கள் கால்கள் தாமாகவே சப்பாத்தைக் கழற்றிவிட்டன. அங்கே யாரும் கழற்றுவதில்லை. மூன்று வருடம் படித்த அண்ணைக்கு அது தெரியும்; அவருடைய கால்களுக்குத் தெரியவில்லை. ஓட்டைக் காலுறைகளை மறைத்துக்கொண்டு பின் வரிசை வாங்கில் உட்கார்ந்தோம். சாம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது.

கதவு படாரென்று திறந்தது. கையில் கடைப் பையோடு ஒரு பருத்த கிழவர்.

“வெளியில் என்ன சப்பாத்துக் குவியல்? இந்த இடத்தையும் கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ விற்றுவிட்டீர்களா?” என்று ஆங்கிலத்தில் சத்தம் போட்டார். “நான் இந்தத் தெருவில் பிறந்தவன். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்தவன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?”

பத்தாவது ஆளைக் கண்டு ஒன்பது கிழவர்களும் ஒன்றாக எழுந்தார்கள்.

“கதவைச் சாத்து” என்றார் சாம். “உட்கார்.”

பிறகு அவர் பிரார்த்தனையைச் சொன்னார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. கடைசியில் குரல் உடைந்தது மட்டும் விளங்கியது. பக்கத்தில் பார்த்தேன். அண்ணையின் உதடுகளும் அசைந்துகொண்டிருந்தன.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவராகவே சொன்னார். “அம்மா செத்தபோது எனக்கு அகதிக் கேஸ் முடியேல்லை. போகேலாமப் போச்சு. ஒவ்வொரு திவசத்துக்கும் தனியத்தான் இருந்து படைக்கிறனான்.”

“எப்ப அண்ணை திவசம்?” என்று கேட்டான் ராஜன்.

“வாற செவ்வாய்.”

அந்தச் செவ்வாய்க்கிழமை மூன்று பேரும் வேலைக்குப் போகவில்லை. அண்ணை வாழையிலை வாங்கக் கடைக்குப் போன நேரம் பார்த்து, வீட்டிலிருந்த சப்பாத்து, செருப்பு, முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன பூட்ஸ், கீழ்வீட்டுக்காரனிடம் கேட்டு வாங்கிய கிரிக்கெட் சப்பாத்து எல்லாவற்றையும் வாசலில் பரப்பினோம்.

அண்ணை இலையோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“ஆர் ஆர் வந்திருக்கினம்?”

“உங்கட சனந்தான் அண்ணை” என்றான் ராஜன். “உள்ள வாங்கோ, சோறு ஆறுது.”

அவர் தன் சப்பாத்தைக் கழற்றி, அந்தக் குவியலின் நடுவில் இடம் பார்த்து வைத்தார்.

பிறகு வீடு கைமாறியது. திசைக்கு ஒருவராகப் போனோம். அண்ணை பட்டம் எடுத்துவிட்டார் என்று யாரோ சொன்னார்கள்; எங்கே இருக்கிறார் என்று சொல்ல ஆளில்லை. வெம்பிளியிலோ வேறெங்கோ, கல்யாண வீடோ செத்த வீடோ, ஒரு வாசலில் சப்பாத்துகள் குவிந்து கிடந்தால், உள்ளே போவதற்கு முன் குனிந்து ஒரு மஞ்சள் நாடாவைத் தேடுகிறேன்.