மூண்டுவயல் அண்ணையும் ஒரு துண்டுத் தரிசும்

லண்டனுக்கு வந்த யாழ்ப்பாணத்தவர் எல்லோரும் போன நூற்றாண்டின் கடைசியிலோ இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலோதான் வந்து இறங்கினார்கள். நானறிய, பதின்மூன்றாம் நூற்றாண்டில் வந்து இறங்கியவர் ஒருவர்தான். அவர் மூண்டுவயல் அண்ணை.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். மனோர் பார்க்கில் எங்கள் அலாட்மென்டில் அது யாருக்கும் தெரியாது. அலாட்மென்ட் என்றால், வீட்டோடு தோட்டம் இல்லாதவர்களுக்குக் கவுன்சில் ஆண்டு வாடகைக்குத் தரும் துண்டு நிலம். ரயில் பாதையை ஒட்டிக் கிடக்கும் அந்தத் துண்டுகளில் ஒன்று என்னுடையது. ஒரு வசந்த காலத்தில் பக்கத்துத் துண்டு அவருக்குக் கிடைத்தது. வந்த முதல் நாளே கயிறு கட்டி அதை மூன்றாகப் பிரித்தார்.

"முதலாவதிலை கோதுமை, தங்கச்சி. ரெண்டாவதிலை அவரையும் பட்டாணியும். மூண்டாவதிலை ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லையெண்டால்?"

"அது படுத்திருக்கும். அடுத்த வருசம் அது எழும்ப, இன்னொண்டு படுக்கும். எண்ணூறு வருசத்துக்கு முந்தி இந்த நாட்டிலை இப்பிடித்தான். மூண்டு வயல் முறை."

"நீங்கள் ஊரிலை கமம் செய்தனீங்களோ, அண்ணை?"

"சீச்சீ! அப்பா யாழ்ப்பாணம் ரவுனிலை போட்டோ ஸ்டூடியோ வச்சிருந்தவர். நான் மண்வெட்டி பிடிச்சதே இண்டைக்குத்தான்."

அவர் பிடித்திருந்த விதமும் அதை உறுதிப்படுத்தியது.

அவருக்கு வேலை, ஒரு சூப்பர் மார்க்கெட்டின் மரக்கறிக் கிடங்கில். ஜனவரியில் ஸ்ட்ராபெர்ரி, ஒரே அச்சில் வார்த்தது போலக் கரட், மண்ணையே காணாமல் தண்ணீரில் வளர்ந்த தக்காளி என்று நாள் முழுக்க இறக்குவார். ஒருநாள் மழைக்கு ஒதுங்கி ஒரு லைப்ரரிக்குள் போனவர், பழங்காலத்து இங்கிலாந்தின் விவசாயம் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றை எடுத்திருக்கிறார். மழை விட்டது. ஆள் திரும்பவில்லை. அதற்குப் பிறகு அந்தக் காலத்தைப் பற்றி அவர் பேசினால், போன கிழமை போய்விட்டு வந்தவர் போலத்தான் பேசுவார். "அங்கை இப்ப உழுகிற நேரம்" என்று சொல்லிவிட்டு, ரயில் பாதையில் ஊதா நிறக் கோச்சி போவதை ஏதோ ஆறு ஓடுவதைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

உழவுக்கு எட்டு எருது வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. எருதுக்குக் கவுன்சில் விடாது. பழைய கட்டில் சட்டத்தில் ஒரு கலப்பை செய்து, கோயிலில் தேர் இழுக்கிற எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவர்களும் பழக்க தோஷத்தில் "அரோகரா" என்று கத்தி ஒரே இழுவையாக இழுத்தார்கள். பின்னால் கலப்பையைப் பிடித்திருந்த மூண்டுவயல் அண்ணை பாதி தூரம் காலாலும் மீதி தூரம் வயிற்றாலும் போனார். கலப்பை கீறிய சால், பாம்பு நெளிந்தது போல விழுந்திருந்தது. சேற்றோடு எழும்பியவரின் முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

"பாத்தியளோ! வளைஞ்சிருக்கு! எட்டு எருதை மடக்கித் திருப்ப ஏலாதெண்டு அந்தக் காலத்திலையும் சால் இப்பிடித்தான் வளையும்!"

அந்தப் பக்கம் இப்படியென்றால் இந்தப் பக்கம் நான் இருபத்தோராம் நூற்றாண்டின் பிரதிநிதி. பொலிதீன் கூடாரம், குருணை உரம், நத்தை மருந்து, வலை எல்லாம் உண்டு. அவர் கோதுமையைப் பிடி பிடியாக வீசி விதைத்தார். கிழக்கு லண்டன் புறாக்கள் சொல்லிவைத்தது போல வந்து இறங்கின. அந்த முறை நான் பூசணிக்காயை வைக்க இடமில்லாமல், அழைப்பு மணியை அடித்துவிட்டு அயலவர் வாசலில் வைத்துவிட்டு ஓடினேன். அவருக்கு ஒரு பிடிக்கு நாலு பிடி கிடைத்தது. அதில் ஒரு பிடி அடுத்த வருட விதைக்கு. மிச்சத்தில் ரொட்டி சுட்டுக்கொண்டு வந்தார். என் பல் ஒன்று இன்றைக்கும் அதை நினைவில் வைத்திருக்கிறது.

"இதுக்குத்தானே, அண்ணை, அந்தக் காலத்திலை சனம் பட்டினியிலை செத்தது?" என்று கேட்டேன்.

"ஓம், செத்ததுதான். நான் இல்லையெண்டு சொல்லேல்லையே."

"பிறகேன் இந்த விசர் வேலை?"

அவர் தன் வெறுந்தரையைக் கையால் காட்டினார். அறுத்த கோதுமைத் தாளின் வாசம் காற்றில் வந்துகொண்டிருந்தது.

"பசியோடை இருந்த சனம், தங்கச்சி. அந்தச் சனம் மூண்டிலை ஒரு பங்கு நிலத்தைத் தொடாமல் விட்டிருக்கு. எங்கட கிடங்கிலை ஒரு தட்டு வெறுமையாய் இருந்தால் மனேச்சருக்குப் பொறுக்காது. எப்பிடி அவையளுக்கு மனம் வந்தது? அது விளங்குமட்டும் செய்து பாப்பம்."

வாதத்தில் தோற்கும்போது நான் களை பிடுங்குவது வழக்கம், பிடுங்கினேன்.

எங்கள் உறவைக் கெடுத்தது முயல். தரிசில் ஆடு மேய்ந்து எரு போடவேண்டும் என்று புத்தகத்தில் இருந்ததாம். அலாட்மென்டை நடத்தும் எங்கள் தோட்டக்காரர் சங்கத்தின் விதியில் ஆடு இல்லை, முயல் உண்டு. மூன்று முயல் வாங்கி வந்தார். அவை தரிசு நிலத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தன. பிறகு வலைக்குக் கீழே குழி தோண்டி, நவீன விவசாயத்தின் பக்கம் வந்துவிட்டன. ஒரு சனிக்கிழமை நான் போய்ப் பார்த்தபோது என் கீரைப் பாத்தியில் தண்டு மட்டும் நின்றது. முயல் மூன்றும் உண்ட களைப்பில் அதற்குள் படுத்திருந்தன.

"எரு போட்டிருக்குத்தானே?" என்றார் அவர், சமாதானமாக.

அன்று பின்னேரம் ஆத்திரத்தில் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். முயலைப் பற்றி எழுதத் தொடங்கி, கை நிற்காமல், மூன்றில் ஒரு பங்கு நிலம் சும்மா கிடப்பதையும் எழுதிவிட்டேன். பெயர் போடவில்லை.

இரண்டு கிழமையில் அவருக்குக் கடிதம் வந்தது. கால் பங்குக்கு மேல் பயிரிடாமல் விடுவது விதிக்கு மாறு, பரிசோதனைக்கு வருவோம், திருத்தாவிட்டால் நிலம் பறிபோகும். அவர் முயல்களை வேலைத்தலத்தில் ஒருவரிடம் வளர்க்கக் கொடுத்துவிட்டார். ஆனால் தரிசில் ஒரு விதை போட மாட்டேன் என்று நின்றார்.

"ஒரு பிடி வெந்தயமாவது எறியுங்கோ, அண்ணை. நாலு நாளிலை முளைச்சிடும்," என்று கெஞ்சினேன். எனக்கு நித்திரை கெட்டுப்போயிருந்தது.

"நித்திரை கொள்ளுறதை எழுப்பிறதோ? பாவம்."

பரிசோதனை நாள் காலையில் நல்ல மூடுபனி. அதற்குள்ளிருந்து சங்கச் செயலாளர் வந்தார். ஓய்வுபெற்ற ஆங்கிலேய ஆசிரியை. சட்டம் பேசும்போதும் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருவது போலத்தான் பேசுவார்.

"இதில் என்ன பயிர்?" என்று தரிசைக் காட்டி ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஓய்வு," என்றார் மூண்டுவயல் அண்ணை.

"அது பயிர்ப் பட்டியலில் இல்லையே."

"உங்கட பாட்டன் பூட்டன் செய்ததுதான், மேடம். ஊர் முழுக்கச் சேர்ந்து ஒரு வயலைப் படுக்க விடுவினம். ஒருத்தன்ரை முடிவில்லை அது. ஊரின்ரை முடிவு."

செயலாளர் உண்மையாகவே வருந்தினார். "ஆனால் இங்கே நீங்கள் ஒருவர்தானே இருக்கிறீர்கள்," என்றபடி பேனையைத் திறந்தார்.

அந்தப் பேனையைத் திறக்க வைத்தது என் கடிதம்தான். "ஒருத்தர் இல்லை, ரெண்டு பேர்!" என்று கத்திவிட்டேன். "ஒரே அளவான இந்த ரெண்டு துண்டையும் சேர்த்து எங்கள் இருவர் பெயரிலும் எழுதுங்கள். அவருடைய மூன்றில் ஒன்று, இரண்டிலும் சேர்த்துப் பார்த்தால் ஆறில் ஒன்று. கால் பங்கை விடக் குறைவு."

செயலாளர் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தார். பழைய ஆசிரியை அல்லவா, விடை சரியென்றால் அவரால் மறுக்க முடியாது. பேனையை மூடிக்கொண்டு பனிக்குள் போனார்.

இரண்டு துண்டுக்கும் நடுவே நின்ற வலையை இருவருமாகக் கழற்றும்போது அவரிடம் சொல்லிவிடுவது என்று துணிந்தேன். "அண்ணை, அந்தக் கடிதம்…"

"தெரியும்."

"எப்பிடி?"

"உம்மடை கீரையைத்தானே முயல் திண்டது? வேறை ஆர் எழுதுவினம்? இந்த ஆணியைக் கொஞ்சம் பிடியும்."

அடுத்த வருடம் தரிசின் முறை என் பக்கம் வந்தது. மிளகாய் நின்ற இடம் வெறுமையாகக் கிடந்தது. முதல் கிழமை என் கை துருதுருத்தது. பிறகு அதில் கசகசாப் பூப் போலச் சிவப்பாய் ஏதேதோ தானாக முளைத்தது. வண்ணத்திப் பூச்சி வந்தது. இரண்டு கதிரை போட்டு, தேத்தண்ணியை வைத்துக்கொண்டு, நாங்கள் ஒன்றும் வளராத நிலத்தைப் படம் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெயில் ஏற ஏறக் கண் சொக்கும்.

"விளங்குதோ, தங்கச்சி?"

"இல்லை, அண்ணை."

"எனக்கும்தான்," என்பார் நிம்மதியாக.

போன ஆண்டு அவருடைய கிடங்கு வடக்கே வெகுதூரம் இடம் மாறியது. வேலையோடு அவரும் போனார். போகிற அன்று, எட்டுப் பேர் இழுத்த அந்தக் கலப்பையைத் தன் சின்னக் காருக்குள் ஏற்றப் பார்த்து, ஒரு கண்ணாடியை உடைத்து, கடைசியில் கூரையில் கட்டிக்கொண்டு போனார். அங்கே இன்னும் நிலம் கிடைக்கவில்லையாம். காத்திருப்போர் பட்டியல் நீளமாம்.

இந்த வருடம் எல்லாம் நன்றாக விளைந்திருக்கிறது. புறாக்கள்கூட வருவதில்லை. சனிக்கிழமைகளில் வெயிலும் இருக்கிறது, தேத்தண்ணியும் இருக்கிறது. சண்டை பிடிக்கத்தான் ஆளில்லை.