தபால் வந்தால் எரியும் விளக்கு

அன்பு மகள் சின்னக்குட்டிக்கு,

அப்பா ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. நான் சுகம். அம்மாவும் சுகம், அவள் முழங்கால் மட்டும் சுகமில்லை. நீயும், நீ சாலை போடும் மலையும் சுகம்தானா என்று அறிய ஆவல். அங்கே டவர் எடுக்காததால் போனில் உன்னைத் திட்ட வழியில்லை. ஆகவே காகிதத்தில் தொடர்கிறேன்.

வேலைக்காலம் முழுக்க லிப்ட் மெக்கானிக்காக இருந்த நான் குடியிருப்பது லிப்ட் இல்லாத கட்டடத்தின் நாலாவது மாடி. இதைச் சொல்லிச் சிரிக்காத விருந்தாளி கிடையாது. தபால் பெட்டியோ கீழே, கேட்டுக்குப் பக்கத்தில். உன் கடிதம் வந்திருக்கிறதா என்று பார்க்க அம்மா தினமும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்குவாள், வெறுங்கையோடு ஏறுவாள். படிக்கு ஒரு 'ஸ்ஸ்'. அதைக் காதால் கேட்டுக்கொண்டு ஒரு மெக்கானிக் சும்மா இருக்க முடியுமா?

முதலில் பெட்டியின் மூடியில் தூண்டில் நரம்பைக் கட்டி, நம் பால்கனி வரை இழுத்து, நுனியில் ஒரு மணி தொங்கவிட்டேன். காற்றடித்தாலும் மணி, காக்காய் உட்கார்ந்தாலும் மணி. ஒருநாள் ஓயாமல் அடிக்கிறதே, கட்டுக்கட்டாக எழுதிவிட்டாயோ என்று எட்டிப் பார்த்தால், கீழ்வீட்டுத் தையல்காரம்மா கொடி என்று நினைத்துத் துணி காயப்போட்டிருக்கிறார். அதை அவிழ்த்துவிட்டு, மூடியைத் திறந்தால் வெளியே விழுகிற மாதிரி ஒரு சிவப்பு நாடா வைத்தேன். மேலிருந்தே தெரியும் அல்லவா? ஆனால் நம் தபால்காரர் மிகவும் ஒழுங்கானவர். விழுந்த நாடாவை ஒவ்வொரு தடவையும் அழகாக மடித்து உள்ளே வைத்து மூடிவிட்டுப் போயிருக்கிறார்.

கடைசியில் என் தொழிலுக்கே திரும்பினேன். பெட்டிக்குள் ஒரு சுவிட்ச், சமையலறையில் ஒரு சின்ன விளக்கு. காகிதம் விழுந்தால் எரியும். தபால்காரர் ஒயரைப் பார்த்துப் பின்வாங்கி, "சார், இது வெடிக்காதுல்ல?" என்றார். அவர் கையாலேயே போட வைத்துப் பயம் தெளிவித்தேன். கரப்பான் மருந்து விளம்பரத்துக்கெல்லாம் எரிந்ததால், அந்த நோட்டீசுகளுக்கென்று பெட்டிக்குப் பக்கத்தில் தனியாக ஒரு கூடை மாட்டினேன். அதற்குப் பிறகு விளக்கு பொய் சொல்லவே இல்லை.

அம்மாவும் இறங்கவில்லை. ஆனால் பேச்சும் குறைந்துவிட்டது. அடுப்பில் ஒரு கண், விளக்கில் ஒரு கண். கால்வலிதான் ஏறிவிட்டது போல என்று தைலம் வாங்கி வந்தேன். தைலம் அப்படியே இருந்தது. போன வாரம் ஒருநாள் விளக்கு எரியாமலே செருப்பை மாட்டினாள்.

"எங்க கெளம்பிட்ட? விளக்குதான் எரியலையே."

"எரியலைன்னு எனக்கும் தெரியுது. முன்னாடியெல்லாம் கீழ போய்ச் சேர்ற வரைக்கும், இன்னிக்கு வந்திருக்கும்னு நெனச்சுக்கிட்டே இறங்குவேன். ஏறும்போதுதான் வலிக்கும். இறங்கும்போது வலிச்சதே இல்ல. நீங்க அந்த இறக்கத்தையும் புடுங்கிட்டீங்க."

என் பழைய வேலைதான் ஞாபகம் வந்தது, கண்ணு. லிப்ட் எந்த மாடியில் என்று காட்டும் விளக்கை எத்தனை கட்டடத்துக்கு மாட்டியிருப்பேன்! லிப்ட் எங்கே நிற்கிறது என்று தெரியாத இடத்தில் ஆட்கள் "இதோ வந்துடும்" என்று பேசிச் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். விளக்கு வந்ததும் அதை அண்ணாந்து பார்த்து முகம் சுளிக்க ஆரம்பிப்பார்கள். பார்த்திருக்கிறேன், யோசித்ததில்லை.

மறுநாளே சுவிட்சைக் கழற்றிவிட்டேன். இப்போது இரண்டு பேருமாக இறங்குகிறோம். அவள் கைப்பிடியைப் பிடிக்க, நான் அவள் கையைப் பிடிக்க, ரெண்டாவது மாடித் திருப்பத்தில், "இன்னிக்கு வந்திருக்குமாடி?" என்று கேட்பவன் நான்தான். ஆகவே உனக்கு எவ்வளவு வேலை இருந்தாலும் உடனே எழுது. ரெண்டு வரி போதும். சாப்பிட்டேன், தூங்கினேன் என்று இருந்தாலும் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள். பாறை உருளுகிற பக்கம் நிற்காதே. எல்லா நலமும் உன்னைத் தேடி வரட்டும்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: ஒட்டுவதற்கு முன் அம்மா வாங்கிப் படித்தாள். "அவள எதுக்கு அவசரப்படுத்துறீங்க? லெட்டர் வந்துட்டா நாளைக்கு என்கூட நீங்க இறங்கி வரப்போறீங்களாக்கும்?" என்கிறாள். மேலே 'உடனே எழுது' என்றதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள். மெதுவாகவே எழுது, தாயி.