நாணலோடைக்கு நான் போட்ட மதிப்பெண்

சிதம்பரம்,
21 பிப்ரவரி 2010

சிரஞ்சீவி தம்பி சுப்பராயலுவுக்கு, மூத்தவள் இராமாமிர்தம் எழுதுவது. நான் நலம், முழங்கால்கள் மட்டும் என்னோடு உடன்பட மறுக்கின்றன. நெல்லிக்குப்பத்தில் நீயும் மலர்க்கொடியும் நலமென்றே கொள்கிறேன். இல்லையென்றால் உன் கடிதம் நான்கு பக்கத்தோடு நின்றிருக்காது.

"எழுபது வயதில் சாக்கடையில் இறங்கி விழுந்தாயாமே அக்கா, ஊர் சிரிக்கிறது" என்று எழுதியிருந்தாய். முதல் திருத்தம்: எனக்கு அறுபத்தொன்பது. இரண்டாவது: அது சாக்கடை அன்று, வேலங்குப்பத்து நாணலோடை. அதைச் சாக்கடையாக்கலாமா என்பதுதான் வழக்கே. கடலூர்ச் சாலையோரம் எழும்பும் புது மனைப்பிரிவு ஒன்றின் கழிவுநீரை அதில் திருப்பிவிட ஒரு திட்டம். ஓடை ஏற்கெனவே செத்துவிட்டதென்றால் திருப்பலாம், உயிரோடிருந்தால் கூடாது என்று ஒரு குழு தீர்மானித்து, அதன் நாடியைப் பார்த்துச் சொல்லும்படி, முப்பத்தோராண்டு விலங்கியல் கற்பித்த என்னைக் கேட்டுக்கொண்டது. ஊரின் குடிநீர்க் கிணறுகள் மூன்றும் அந்த ஓடைக் கரையில்தான் இருக்கின்றன.

நாடி பார்க்கும் முறை எளிது. நீரில் வலையைப் பிடித்து, நாணல் வேர்களைக் காலால் உலுக்கி, வலையில் சேரும் பூச்சி புழுக்களை வெள்ளைத் தட்டில் கொட்டி எண்ண வேண்டும். அழுக்கைத் தாங்காத பூச்சிக்கு மதிப்பெண் அதிகம். எதையும் தாங்கும் சிவப்புப் புழுவுக்கு, உன்னைப் போல, மிகக் குறைவு.

நான் வரும் நாளை முறைப்படி தபால் அட்டையில் தெரிவித்தது என் பிழை. போய் இறங்கினால், பஞ்சாயத்துத் தலைவர் கொளஞ்சியப்பன் மாலையோடு நிற்கிறார். மந்திரி வரும் சாலைபோல் இரு கரையிலும் வெள்ளைக் கோடு. ஓடையோ மருத்துவமனைத் தாழ்வாரம்போல் மணக்கிறது.

"நேத்து சாயந்திரமே மூணு மூட்ட பிளீச்சிங் பவுடர் கொட்டிட்டோம் மேடம். ஒரு கிருமி இருக்காது, நல்லா பாருங்க" என்றார் பெருமையோடு.

பார்த்தேன். கிருமி இல்லை, வேறெதுவும் இல்லை. தட்டில் ஒரு மாவிலை மிதந்தது. குறிப்பேட்டில் சைபர் போட்டேன்.

"ஜாஸ்தி போட்டுட்டமோ?" என்றவருக்கு அப்போதுதான் விளங்கி, முகம் வெளுத்துவிட்டது. "அப்ப ஓட செத்துப்போச்சுன்னு எழுதிடுவீங்களா மேடம்? நேத்து வரைக்கும் எல்லாம் இருந்துச்சு, சத்தியமா."

"நேற்று நான் வரவில்லையே."

அந்த ஓடையில் அயிரை மீன் பிடித்து விற்கும் செல்லாயி கரையில் நின்று தலையிலடித்துக்கொண்டாள். "பொண்ணு பாக்க வர்றாங்கன்னா வூட்ட வெள்ளையடிப்பாங்க. எங்க தலைவரு பொண்ணுக்கே அடிச்சுட்டாரு!"

மேல்மதகுக்கு அப்பால் பவுடர் எட்டவில்லை, அங்கிருந்து உயிர்கள் நீரோட்டத்தோடு இறங்கிக் குடியேறும் என்பதால், நடந்ததை அப்படியே எழுதிக் குழுவிடம் மூன்று வாரத் தவணை வாங்கினேன். கொளஞ்சியப்பனிடம், "அதுவரை எதையும் கொட்டாதீர்கள்" என்று எச்சரித்தேன். அவர் பவுடர் கொட்டவில்லை என்பது உண்மை.

இரண்டாம் முறை வலையை இட்டதும் முழங்கை நீள விரால் ஒன்று மயக்கத்தில் வந்து விழுந்தது. அடுத்து ஒரு நண்டு, இரண்டு கொடுக்கும் கயிற்றால் கட்டப்பட்டு.

"இது எங்கிருந்து வந்தது?" என்றேன்.

"ஓட நண்டுதான் மேடம்" என்றார் தலைவர்.

"கயிறு?"

அவர் கயிற்றை நெடுநேரம் உற்றுப் பார்த்தார். செல்லாயிதான் கைகொடுத்தாள். "அதுவே கட்டிக்கினு வந்துருக்கும்மா. பெரியவங்க வர்றப்ப கைய நீட்டக் கூடாதுன்னு எங்க ஊரு நண்டுக்குத் தெரியும்."

தம்பி, அந்த இடத்தில் நான் சிரித்துவிட்டேன். சிரித்ததில் சேறு வழுக்கியது. விழவில்லை, உட்கார்ந்தேன், இடுப்பளவு நீரில், நாணல் வேர்களின் மேல். செல்லாயி எனக்குக் கைகொடுப்பதா, வலையைப் பிடிப்பதா என்று ஒரு கணம் யோசித்து வலையைப் பிடித்தாள். அவளை உதவியாளராக வைத்துக்கொள்ளலாம் என்று அப்போதே முடிவு செய்தேன். என் எடையில் குலுங்கிய வேர்களிலிருந்து வந்தவற்றைத் தட்டில் கொட்டினால், தட்டு நகர்கிறது! தட்டானின் இளம்புழுக்கள், நத்தைகள், நீர்வண்டுகள், வாலில் மூன்று இழையோடு அழுக்கென்றால் அரை நாளும் தங்காத அந்த மானஸ்தப் பூச்சி ஏழு. மொத்தம் பதினோரு வகை. காலால் உலுக்க வேண்டியதை வேறோர் அங்கத்தால் உலுக்கியதை அறிக்கையில் மறைக்காமல் குறித்திருக்கிறேன். விரால், நண்டு என்ற சந்தைச் சரக்கைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். "நண்டுக்கு ரெண்டு மார்க்காவது போடக்கூடாதா மேடம்? முந்நூறு ரூபா" என்று தலைவர் கெஞ்சியும் போடவில்லை. அது இல்லாமலே ஓடை தேறிவிட்டது: உயிரோடிருக்கிறது, நலமாக.

நாளை குழு கூடுகிறது. ஒரு நீரோடையைக் காப்பது மாலையோ மன்றாட்டோ அன்று, எண்ணிக்கைதான் என்பதை உன் அண்டை வீட்டாருக்கும், சிரித்த ஊருக்கும் எடுத்துச் சொல். மலர்க்கொடிக்கு என் நிறைந்த ஆசி. உனக்கும், நீ கேட்காவிட்டாலும், நீண்ட ஆயுளும் குறைந்த வம்பும் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா இராமாமிர்தம்

பின்குறிப்பு: தபாலில் சேர்ப்பதற்குள் குழு கூடிவிட்டது. என் பதினெட்டுப் பக்க அறிக்கையை எவரும் பிரிக்கவே இல்லை. மனைப்பிரிவின் பொறியாளர் நிலமட்டத்தை நேற்றுத்தான் அளந்தாராம்; ஓடை மனைகளைவிட நான்கடி மேட்டில் ஓடுகிறதாம். கழிவுநீர் மேலேறி வராது என்று திட்டத்தைக் கைவிட்டுவிட்டார்கள். செய்தி ஊருக்கு வேறுவிதமாகப் போய், என்னால்தான் எல்லாம் என்று கொளஞ்சியப்பன் வீடு தேடி வந்து சால்வை போர்த்தினார். உண்மையைச் சொல்லி மறுத்திருக்க வேண்டும். நல்ல இளநீலம். வாங்கிக்கொண்டேன்.