இன்னும் கொஞ்சம் பனி

‘போதும்’ என்ற சொல் காதில் விழாத ஓர் இனம் நம்மிடையே உலவுகிறது. கொம்பு கிடையாது, வால் கிடையாது. பார்த்தால் உங்களையும் என்னையும் போலத்தான் இருக்கும். கண்டுபிடிக்க ஒரே வழிதான் உண்டு. சரியாக முடிந்துபோன ஏதாவது ஒரு வேலைக்குப் பக்கத்தில் இந்த ஆளை ஒரு நிமிஷம் தனியாக விட்டுப் பாருங்கள். தலை ஒரு பக்கமாகச் சாயும். கை துறுதுறுக்கும். பிறகு அந்த இரண்டு சொற்கள் வந்துவிடும்: "இன்னும் கொஞ்சம்."

நீங்கள் காரைப் பின்னால் எடுக்கும்போது, கூப்பிடாமலே வந்து நின்று கையை ஆட்டி, "வரட்டும், வரட்டும், இடம் இருக்கு, இன்னும் கொஞ்சம்" என்று சுவர் வரைக்கும் அழைத்துக்கொண்டு போய், இடித்த சத்தம் கேட்ட பிறகு "போதும்" என்று சொல்பவர் யார்? இவர்தான். ஒழுகுகிற குழாயை இறுக்கி, ஒழுக்கு நின்ற பிறகும் மனம் ஆறாமல் ஒரு திருப்புத் திருப்பி, குழாய் கையோடு வந்து வீடெல்லாம் வெள்ளமானதும் துண்டைத் தேடி ஓடுபவர்? இவர்தான். குடும்பப் படம் எடுக்கிறேன் பேர்வழி என்று எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, "பின்னாடி போங்க, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிச் சொல்லியே சித்தப்பாவை மாடிப்படியில் உருட்டிவிட்டவர்? சந்தேகமே வேண்டாம். ஆனால் ஒன்று, இவர்கள் கெட்டவர்கள் அல்ல. சோம்பேறிகளும் அல்ல. சோம்பேறிகளாக இருந்திருந்தால் வேலையைப் பாதியில் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள், சித்தப்பாவும் இடுப்புப் பிடிப்பில்லாமல் நடமாடிக்கொண்டிருப்பார்.

இந்த இனத்துக்கு உத்தமமான மாதிரியாக ஒருவரைக் காட்டுகிறேன். வேலை செய்கிற இடத்தில் அவர் முதுகுக்குப் பின்னால் எல்லோரும் ‘இன்னுங்கொஞ்சம்’ என்றுதான் சொல்கிறார்கள். நாம் மரியாதையாக நம்மவர் என்று வைத்துக்கொள்வோம். நம்மவருக்கு உத்தியோகம், பனி பெய்ய வைப்பது.

ஆமாம், பனிதான். வெளியே தார் உருகுகிற வெயில். சாலையோரத்தில் நாய்கூட நிழல் தேடி நின்றுகொண்டிருக்கும். ஆனால் அந்தப் பெரிய கடை வளாகத்தின் உச்சி மாடிக்குப் போய், தடித்த இரட்டைக் கதவுகளைத் தாண்டினால் ஒரு கூடம் முழுக்க வெள்ளை வெளேரென்று பனி. இரவல் கோட்டும் இரவல் பூட்ஸும் மாட்டிக்கொண்டு உள்ளே போய் உருளலாம், சறுக்கலாம், ஒருவர் மேல் ஒருவர் எறியலாம். அந்தப் பனிக்கூடத்துக்கு நம்மவர் மேலாளர்.

செயற்கைப் பனி செய்வதில் மந்திரம் ஒன்றுமில்லை, எல்லாம் அளவுதான். முதலில் கூடத்தை உறைநிலைக்குக் கீழே குளிர வைக்க வேண்டும். கூரையில் தொங்குகிற மெஷினுக்குத் தண்ணீரையும் அழுத்தக் காற்றையும் சேர்த்து அனுப்பினால், முனையிலிருக்கும் ஊசித் துளைகள் வழியாகத் தண்ணீர் புகையாகச் சிதறி வெளியே வரும். அந்தப் பொடித் துளிகள் தரைக்கு வந்து சேருவதற்குள் உறைந்துவிட்டால், பனி. உறையாவிட்டால், வெறும் தூறல். தண்ணீரைக் கூட்டினால் பனியும் கூடுமே என்று யாருக்கும் தோன்றும். கூடும், ஓர் எல்லை வரைக்கும். அதற்கு மேல் துளி பருத்துவிடும். பருத்த துளி உறைய அந்தக் குளிர் போதாது. கூடத்தில் ஆட்கள் நிறைந்து மூச்சுவிடத் தொடங்கினால் காற்றும் சூடாகி ஈரமாகிவிடும், அப்போது எல்லை இன்னும் குறுகிவிடும்.

இதெல்லாம் நம்மவருக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? வேலைக்குச் சேருகிற ஒவ்வொருவரையும் நிற்க வைத்து இதைப் பாடமாக நடத்துவதே அவர்தான். மெஷின் அறையில் தண்ணீர் வால்வுக்குப் பக்கத்தில் சிவப்புச் சாயத்தால் ஒரு கோடு போட்டு, ‘இதற்கு மேல் யாரும் திருப்பக் கூடாது’ என்று எழுதி ஒட்டியவரும் அவர்தான். ‘யாரும்’ என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு முறை அடிக்கோடு வேறு. ஒரு கோடு போதாது என்று தோன்றியிருக்கிறது.

இப்படிப்பட்டவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு குறை. நல்ல வேலை இருந்தது, பொறுமையான மனைவி வாய்த்திருந்தாள், மகள் படு சூட்டிகை. கிடைக்காமல் போனது, மாமனார் வாயிலிருந்து ‘நல்லா இருக்கு’ என்று ஒரு வார்த்தை.

மாமனார் பாட்டில் தொழிற்சாலையில் தர ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை பார்த்த காலமெல்லாம் பாட்டிலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, குமிழி இருக்கிறதா, கீறல் இருக்கிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்து, தேறாததை ஒதுக்கித் தள்ளியவர். கல்யாணப் பேச்சு நடந்தபோது மாப்பிள்ளையையும் ஜன்னலோரமாக உட்கார வைத்து அப்படித்தான் பார்த்தார். தேறினாரா, ஒதுக்கப்பட்டாரா என்பதற்கு இன்றுவரை தீர்ப்பு வரவில்லை. நம்மவர் புது வீடு கட்டிக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியபோது சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, "ம்" என்றார். பனிக்கூடத்தில் மேலாளர் ஆன செய்தியைச் சொன்னபோதுதான் கொஞ்சம் விரிவாகப் பேசினார்.

"ஐஸ்தானே? வீட்டு ஃப்ரிட்ஜுலயே இருக்கே."

அந்த வார்த்தை நம்மவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. கூடத்தைப் பொதுமக்களுக்குத் திறப்பதற்கு முந்தைய நாள், ஊழியர்களின் குடும்பங்களுக்கு மட்டும் ஒரு வெள்ளோட்டம் என்று அறிவிப்பு வந்ததும், முதல் ஆளாக மாமனாரைக் காரில் ஏற்றிக்கொண்டார். மாமனார் பின்சீட்டில் பேத்தியோடு உட்கார்ந்து கண்ணாடிக் கதவில் ஏதாவது குமிழி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். முன்சீட்டில் மனைவி குரலைத் தாழ்த்தினாள்.

"என்னங்க, ஒண்ணு சொன்னா கேப்பீங்களா?"

"சொல்லு."

"இன்னிக்கு ஒரு நாள் எதையும் போய்த் தொடாதீங்க. அங்க ஆள் இருக்காங்க, அவங்க பார்த்துப்பாங்க. நீங்க பேசாம அப்பா பக்கத்துல நில்லுங்க."

"நான் எதைத் தொடப் போறேன்?"

"போன தடவை அக்கா வீட்டு மின்விசிறியக்கூட அப்படித்தான் சொன்னீங்க."

"என் மேல இன்னும் கொஞ்சம் நம்பிக்கை வைம்மா" என்றார் நம்மவர். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

உடை மாற்றும் அறையில் மாமனாருக்குக் கோட்டு மாட்டிவிட்டார். தொப்பி நாடாவைத் தாடைக்குக் கீழே இழுத்துக் கட்டினார். "போதும் மாப்பிள்ளை" என்றார் பெரியவர். "உள்ளே குளிரும் மாமா, இன்னும் கொஞ்சம்" என்று நம்மவர் ஓர் இழுப்பு இழுத்ததில் பெரியவருக்கு விழி பிதுங்கியது. மனைவி ஓடிவந்து நாடாவைத் தளர்த்திவிட்டாள். நல்ல வேளை, அப்போது மெஷின் ஓடத் தொடங்கிவிட்டது.

பனி பெய்தது. உள்ளதைச் சொல்ல வேண்டுமல்லவா, அன்றைக்கு அந்தப் பனி அருமையாக இருந்தது. தண்ணீர், காற்று, குளிர் மூன்றும் எப்போதாவது ஒரு நாள்தான் அப்படி ஒத்துப்போகும். மேலேயிருந்து அவசரமே இல்லாமல் இறங்கி, தோளில் உட்கார்ந்து, ஊதினால் பறந்தது. கூச்சல் போட்டுக்கொண்டு உள்ளே வந்த குழந்தைகள் வாயைத் திறந்து நாக்கை நீட்டிக்கொண்டு அண்ணாந்து நின்றார்கள். சீட்டுக் கிழிக்கிற பெண் சீட்டை மறந்துவிட்டாள். மனைவி தன் வயதை மறந்து மகளோடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருந்தாள்.

மாமனார் கையை நீட்டினார். கோட்டின் கைமேல் ஒரு பொட்டுப் பனி வந்து விழுந்தது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கையை விளக்குக்கு நேராகத் தூக்கி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். இன்னொரு பொட்டைப் பிடித்துப் பார்த்தார். குறை தேடிய அந்த முகத்தில் மெல்ல மெல்லச் சுருக்கங்கள் விலகின. நம்மவர் பக்கத்திலேயே நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை வருஷக் காத்திருப்பு! பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு திரும்பினார்.

"மாப்பிள்ளை..."

இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? வாயை மூடிக்கொண்டு நிற்பீர்கள். மாடு, ஆடுகூட நின்றிருக்கும். ஆனால் நம்மவருக்கோ, இவ்வளவுக்கே இவர் முகம் இப்படி மலர்ந்துவிட்டதே, இதையே இன்னும் கொஞ்சம் கூட்டிவிட்டால் என்னவெல்லாம் சொல்லுவார் என்று தோன்றிவிட்டது.

"ஒரே நிமிஷம் மாமா, இருங்க. இன்னும் கொஞ்சம் விடச் சொல்றேன், பாருங்க!"

சொல்லிவிட்டு மெஷின் அறையைப் பார்த்து ஓடினார். பெரியவர் திறந்த வாய் திறந்தபடி நின்றார்.

மெஷின் அறையில் ஆபரேட்டர் கழுத்தில் மப்ளரோடு ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். மேலாளர் நுழைகிற வேகத்தைப் பார்த்ததுமே டீயைக் கீழே வைத்துவிட்டு வால்வுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

"வேண்டாம் சார்."

"என்னப்பா வேண்டாம்? நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையே."

"சொல்லப் போறீங்க சார். உள்ள கூட்டம் இருக்கு, காத்து ஈரமாயிடுச்சு. இப்பவே சிவப்புக் கோட்டுக்கிட்டதான் ஓடுது."

"கோட்டுக்கு மேல ஒரு நூலளவு போனா என்ன குடி முழுகிடும்?"

"அந்தக் கோடு நீங்க போட்டதுதானே சார்?"

"அது மத்தவங்களுக்குப்பா!" என்றார் நம்மவர். எவ்வளவு உண்மையான வார்த்தை பாருங்கள். உலகத்தில் போட்ட கோடுகளெல்லாம் மற்றவர்களுக்குத்தானே. ஆபரேட்டரை அன்பாக ஓரம் தள்ளிவிட்டு வால்வைத் திருப்பினார். கண்ணாடி வழியாகப் பார்த்தார். பனி கொஞ்சம் அடர்ந்தது மாதிரி தெரிந்தது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"இன்னும் கொஞ்சம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

முதலில் பொட்டுகள் பருத்தன. குழந்தைகள் கைதட்டினார்கள், அது போதாதா நம்மவருக்கு? மறுபடி ஒரு திருப்பு. பிறகு கூரையிலிருந்து இறங்கியதற்குப் பனி என்று பெயர் இல்லை. சில்லென்ற தண்ணீர், சடசடவென்று, ஆளாளுக்குப் பிடரியில். தரையிலிருந்த வெள்ளைப் பனி குழைந்து சேறாகி, சறுக்குப் பாதை வழவழவென்று கண்ணாடியாகிவிட்டது. சீட்டுக் கிழிக்கிற பெண் உட்கார்ந்தபடியே கூடத்தின் அந்தக் கோடி வரை போய்ச் சேர்ந்தாள். குழந்தைகள் வீறிட்டு அழுதார்கள். ஆபரேட்டர் பாய்ந்து வால்வை மூடினார். நம்மவர் மூச்சிரைக்க ஓடிவந்து பார்த்தபோது மாமனார் நடுக்கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். தொப்பியிலிருந்து மீசைக்கும், மீசையிலிருந்து மடிக்கும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"மழைன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே மாப்பிள்ளை. குடை கொண்டு வந்திருப்பேனே" என்றார்.

மறுநாள் நடக்கவிருந்த திறப்பு விழா தள்ளிப்போனது. முதலாளி நம்மவரைக் கூப்பிட்டுக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மாமனாருக்கு அடுக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. மனைவி ஒரு பாத்திரத்தில் வெந்நீர் வைத்து, அப்பாவைக் குனிய வைத்து, தலைக்கு மேல் துண்டைப் போர்த்தி ஆவி பிடிக்க வைத்தாள். நம்மவர் கெண்டியோடு வாசற்படியில் தயங்கி நின்றார்.

"மாமா, இன்னும் கொஞ்சம் வெந்நீர்..."

"போதும்!" என்றது துண்டு.

மனைவி அவரைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். திட்டப் போகிறாள் என்று நம்மவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் திட்டவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"நீங்க அங்கேர்ந்து ஓடினீங்களே, அதுக்கப்புறம் அப்பா என்ன சொன்னார் தெரியுமா?"

"என்ன சொன்னார்?"

"‘நல்லா இருக்கும்மா’ன்னார். ‘ஒரு குறை சொல்ல முடியல. அவர்கிட்டதான் சொல்லலாம்னு வாயெடுத்தேன், ஓடிட்டாரே’ன்னார்."

நம்மவர் கெண்டியை மேடைமேல் வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். இத்தனை வருஷமாக ஏங்கிய வார்த்தை, பனியோடு பனியாக வந்து இறங்கியிருக்கிறது. அது விழுந்த இடத்தில் அவர் இல்லை. எனக்கே பாவமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக் கூடத்துக்குப் போய், துண்டுக்கு முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தார்.

"மாமா."

"ம்."

"நல்லா இருக்குன்னு சொன்னீங்களாமே?"

துண்டுக்குள்ளே ஒரு தும்மல். பிறகு, நிதானமாக, தெளிவாக, அந்தப் பெரியவரின் குரல் வந்தது.

"சொன்னேன் மாப்பிள்ளை. நல்லாத்தான் இருந்தது."

கிடைத்துவிட்டது! வாயாலேயே சொல்லிவிட்டார், நேருக்கு நேராக, சாட்சிக்கும் ஒருவர் இருந்தார். சமையலறை வாசலில் நின்ற மனைவி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ‘எழுந்து வாங்க, எழுந்து வாங்க’ என்று கையால் ஜாடை காட்டினாள். நம்மவர் எழுந்தார். ஓர் அடி எடுத்து வைத்தார். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"ஏதோ சுமாரா நல்லா இருந்ததா மாமா? இல்ல... ரொம்பவே நல்லா இருந்ததா?"

துண்டு மெல்ல விலகியது. ஆவியில் சிவந்த முகம் வெளியே வந்தது. பெரியவர் மாப்பிள்ளையை விளக்கு வெளிச்சத்துக்கு நேராகப் பார்த்தார், கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மேலிருந்து கீழ்வரை. பிறகு துண்டை இழுத்து மூடிக்கொண்டார்.

கதை இவ்வளவுதான். நீங்கள் சிரிக்கிறீர்கள், நம்மைப் பற்றியா சொல்கிறான் என்று நிம்மதியாகக் காலை நீட்டிக்கொள்கிறீர்கள். நல்லது. ஆனால், துண்டுக்குள்ளே இருந்து அந்தப் பெரியவர் கடைசியில் என்னதான் சொன்னார், அதையும் சேர்த்து இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாமே என்று உங்களுக்கு லேசாகத் தோன்றுகிறதா? அப்படியானால் தயவுசெய்து அந்த வால்விலிருந்து கையை எடுங்கள்.